வெயிட்டையும் ஏத்தி செட்டையும் ஏத்தினா முட்டி என்ன பண்ணும்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 31. ஒன்றரை வருஷமா ஜிம் போறேன். 80 கிலோல 3 செட், செட்டுக்கு 8 ரெப் (8 தடவை), வாரம் ரெண்டு நாள்னு ஸ்குவாட் (தோள்ல பாரை வெச்சு உட்கார்ந்து எழுறது) போட்டுட்டிருந்தேன். மூணு வாரம் முன்னாடி 100 கிலோல 5 செட், 5 ரெப், வாரம் மூணு நாள்னு மாத்தினேன். இப்ப முட்டிச் சில்லுக்குக் கீழ ஒரே இடத்துல வலி, மாடிப்படி இறங்குறப்ப ஜாஸ்தி. வலி மாத்திரை போட்டுட்டு ஒர்க்அவுட் பண்றேன். தொடரலாமா?

பதில்: முதல்ல அந்த மாத்திரையை நிறுத்துங்க, வலிதான் இப்ப உங்களுக்கு இருக்கிற ஒரே அளவுகோல், அதையும் அமுக்கிட்டு பாருக்கு அடியில போய் நின்னா எப்படி?

நீங்க எழுதினதை வெச்சே ஒரு கணக்கு போட்டேன். முன்னாடி வாரத்துக்கு 3840 கிலோ தூக்கினீங்க (80 பெருக்கல் 3 பெருக்கல் 8, ரெண்டு நாள்). இப்ப 7500. கிட்டத்தட்ட டபுள், அதுவும் ஒவ்வொரு ரெப்புலயும் 20 கிலோ கூட. 'ரெப்பை 8-ல இருந்து 5-ஆ குறைச்சிட்டேனே'ன்னு நினைச்சிருப்பீங்க, நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான். தசை சில வாரத்துல பழகிடும், அதை எலும்போட கட்டிவெச்சிருக்கிற டெண்டனுக்கு ரத்த ஓட்டம் கம்மி, அதுக்கு மாசக்கணக்குல ஆகும், அதனால தொடை ரெடின்னு சொல்லும்போது முட்டி இன்னும் ரெடியா இருக்காது. ஒரே விரலால தொட்டு 'இங்கதான்'னு காட்ட முடியுதுன்னா பெரும்பாலும் அந்த டெண்டன்தான், ஆனா நேர்ல பார்க்காம உறுதியா சொல்ல மாட்டேன்.

முழு ரெஸ்ட் வேண்டாம், அதுல டெண்டன் இன்னும் பலவீனம்தான் ஆகும். 60 கிலோக்கு இறங்குங்க, 3 செட், வாரம் ரெண்டு நாள், கீழ இறங்க நாலு செகண்ட் எடுத்துக்கோங்க. வலி பத்துக்கு மூணுக்குள்ள இருந்து மறுநாள் காலைல படி இறங்கும்போது பழைய அளவுக்கே வந்துட்டா பரவாயில்ல. கூடியிருந்தா அடுத்த தடவை இன்னும் குறைங்க.

வலி அடங்கினப்புறம் வெயிட், செட், நாள் இந்த மூணுல ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் ஏத்துங்க. வெயிட் ஏறுற வாரத்துல செட் குறையணும். ஒவ்வொரு செட்லயும் இன்னும் ரெண்டு ரெப் போடலாம்ங்கிற நிலையிலயே பாரை வெச்சிடுங்க (இது ஜிம்ல பக்கத்துல கத்திட்டு நிக்கிற ஃப்ரெண்டுக்குப் பிடிக்காது, இருக்கட்டும்). அஞ்சாறு வாரத்துக்கு ஒருமுறை செட்டைப் பாதியாக்கி ஒரு லேசான வாரம் ஓட்டுங்க. தூக்கமும் கணக்குல சேரும்.

முட்டி வீங்கினாலோ, மடக்கினா லாக் ஆகி நின்னாலோ, நடக்கும்போது திடீர்னு கால் விட்டுட்டுப் போனாலோ மேல சொன்ன எதையும் ட்ரை பண்ணாம எலும்பு டாக்டர்கிட்ட நேரா காட்டுங்க.