போன வருடம் பாதியில் வாந்தி, இந்த வருடம் மறுபடியும் ஓடலாமா?

கேள்வி: வயது 43. போன வருடம் வெயில் காலத்தில் நடந்த 25 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்தில் கலந்துகொண்டேன். 17 கிலோமீட்டர் தாண்டியதும் தலைவலி, குமட்டல், இரண்டு முறை வாந்தி. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டதோ என்று பயந்து, தண்ணீர் கொடுத்த இடத்தில் எல்லாம் வயிறு முட்டக் குடித்தேன். நடுவில் முழங்கால் வலிக்கு ஒரு வலி மாத்திரையும் போட்டேன். கடைசிப் பகுதியை நடந்தே முடித்தேன். விரல்கள் வீங்கி மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை, வீட்டுக்கு வந்து எடை பார்த்தால் காலையில் இருந்ததைவிட ஒரு கிலோ கூடுதல். இன்னும் 6 வாரத்தில் அதே ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இந்த முறை தொடக்கத்திலிருந்தே இன்னும் நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடுமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஓட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் போன வருடம் நடந்ததை நீங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடிதத்தைப் படித்தபோது என்னைத் தூக்கிவாரிப் போட்டது வாந்தி இல்லை, அந்த ஒரு கிலோதான். வெயிலில் பல மணி நேரம் ஏறி இறங்கி, வியர்த்துக் கொட்டி, வாந்தியும் எடுத்த ஒருவருக்கு எடை குறைந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது என்றால் வெளியே போனதைவிட உள்ளே போன தண்ணீர் அதிகம். நீண்ட நேரம் ஓடும்போது சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதால், குடித்த தண்ணீரைச் சிறுநீரகம் வழக்கம்போல வெளியேற்றாது, அது உடம்பிலேயே தங்கி ரத்தத்தில் உள்ள சோடியத்தை, அதாவது உப்புச் சத்தை, நீர்த்துப்போகச் செய்யும். சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் குறைவு என்கிறோம். அது வேகமாக இறங்கும்போது வருவதுதான் தலைவலி, குமட்டல், வாந்தி. இன்னும் இறங்கினால் குழப்பம், வலிப்பு, உயிராபத்து. அன்று ரத்தப் பரிசோதனை செய்யாததால் உறுதியாகச் சொல்ல முடியாது, விரல் வீக்கம் மட்டும் என்றால் நானும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன், ஓடுபவர்கள் பலருக்கும் வருவதுதான். எடையும் சேர்ந்து ஏறியிருப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. எனர்ஜி பானம் குடித்தால் ஆபத்தில்லை என்றும் நினைக்காதீர்கள், ரத்தத்தில் இருப்பதைவிட அதில் உப்பு மிகக் குறைவு.

சரி, எவ்வளவு குடிப்பது? தாகம் எடுக்கும்போது குடியுங்கள், அவ்வளவுதான். அளவு தெரிய வேண்டுமென்றால், கீழே சொல்லும் பரிசோதனைகளும் வெயில் பழக்கமும் முடிந்த பிறகு ஒரு வேலை செய்யுங்கள்: ஓட்ட நேரத்தில் இருக்கும் அதே வெயிலில், உடை இல்லாமல் எடை பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் ஓடுங்கள், திரும்பி வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். 800 கிராம் குறைந்து, நடுவில் 200 மில்லி குடித்திருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு சுமார் ஒரு லிட்டர். ஒரு மணி நேரத்தில் குடிப்பது அந்த அளவைத் தாண்டவே கூடாது.

அப்புறம் அந்த வலி மாத்திரை. இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வெப்பமும் தசைச் சிதைவும் ஏற்கெனவே சிறுநீரகத்தைப் படுத்தும் நாளில் அது வேண்டவே வேண்டாம். வலி மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலையில் முழங்கால் இருந்தால் முதலில் முழங்காலைக் காட்டுங்கள்.

ஏற்கெனவே ஓடிய பாதைதானே என்ற தைரியம் உங்களுக்கு இருக்கும். பாதை பழகியிருக்கலாம், ஆனால் வெயில் பழக்கம் உடம்பில் தங்காது, வெயிலில் ஓடுவதை நிறுத்திய மூன்று நாலு வாரத்தில் பெரும்பகுதி போய்விடும். ஒவ்வொரு வருடமும் புதிதாகத்தான் சம்பாதிக்க வேண்டும். ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு தொடங்கி, 10 முதல் 14 நாள், தினமும் ஒரு மணி நேரம் போல, மெதுவாக, வெயில் நேரத்தில் ஓடுங்கள். முதல் இரண்டு நாள் அரை மணி நேரம் போதும். முதல் வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி இதயத்துடிப்பு தணியும், பிறகு வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் போகும் உப்பும் குறையும். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வெயிலில் ஓடி அதைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்ட நாளில் ஏற்றங்களில் நடங்கள். ஏறும்போது தசைகள் நிறைய வெப்பத்தை உண்டாக்கும், வேகமோ குறைவு, அதனால் மேலே காற்றுப் படாது. மரங்கள் அடர்ந்த இடத்தில் நிழல் இருந்தாலும் ஈரப்பதத்தில் வியர்வை காயாமல் வழிந்தே போய்விடும். போன வருட நேரத்தை முறியடிக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அந்த வாரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் ஓடக் கூடாது.

கூட ஓடுபவரிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். நீங்கள் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், எரிந்து விழுந்தால், உடம்பும் கொதித்தால், அதை ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வியர்த்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான், தோல் வறளும்வரை காத்திருக்கக் கூடாது. உதவிக்கு ஆளனுப்பிவிட்டு அந்த இடத்திலேயே குளிர்விக்க வேண்டும்: தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் கழுத்துவரை இறக்குவது, முடியாவிட்டால் விடாமல் தண்ணீர் ஊற்றி விசிறுவது. காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. உடம்பு அவ்வளவு சூடில்லை, ஆனால் நிறையக் குடித்திருக்கிறீர்கள், வாந்தியும் குழப்பமும் இருக்கிறது என்றால் வாயில் தண்ணீர் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே "நிறையத் தண்ணீர் குடித்தார், சோடியம் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். இதை அவசரமாகச் சொல்லாவிட்டால் வறட்சி என்று நினைத்து டிரிப் ஏற்றிவிட வாய்ப்புண்டு.

பயிற்சியைத் தொடங்கும் முன் ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., சோடியம், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் எல்லாம் பார்த்துவிடுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகள் இருந்தால், முக்கியமாக ரத்த அழுத்தத்துக்கோ அலர்ஜிக்கோ, அந்தச் சீட்டையும் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். கிரியாட்டினின் கூடுதலாக இருந்தால் ஓடத் தொடங்காமல் எனக்கு எழுதுங்கள்.