அந்தப் பெண்ணின் பெயரை முதலில் எடுங்கள்

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜராக இருக்கிறேன். நாங்கள் வாங்கும் பொருட்களில் உள்ள வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் எந்த உருக்காலையிலிருந்து வருகின்றன என்று அமெரிக்க வாடிக்கையாளர் ஆண்டுதோறும் படிவம் கேட்கிறார். 31 சப்ளையர்களுக்கு எழுதினோம், 6 பேர்தான் பதில் போட்டார்கள். 'எல்லாரும் பதில் தந்ததாகவும், காங்கோ சரக்கு இல்லை என்றும் போடு' என்கிறார் ஜி.எம். போன வருஷமும் பழைய ஃபைலில் தேதியை மாற்றித்தான் அனுப்பினோம். டிரெய்னியாகச் சேர்ந்த பாலக்கோட்டுப் பெண்ணின் பெயரில் போனதால் எனக்கு நேரடிச் சிக்கல் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, மகனும் மகளும் படிக்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, வேலையை விடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். பாலக்கோட்டுப் பெண்ணின் பெயரில் போனது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

அந்தப் படிவத்தில் ஒப்புதல் தருபவரின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், தேதி எல்லாம் இருக்கும். பொய்க்குச் சாட்சியாக அங்கே ஊரார் வீட்டுப் பிள்ளையை நிறுத்தியிருக்கிறீர்கள். பதில் வரவில்லை என்று தெரிந்தவர் நீங்கள், சம்பளம் அதிகம் வாங்குபவரும் நீங்கள், பெயர் மட்டும் அவளுடையதா? நாளை உங்கள் மகளை ஒரு மேலதிகாரி இப்படி மாட்டிவிட்டால் அவரை என்னவெல்லாம் சொல்லித் திட்டுவீர்களோ, அதையெல்லாம் நான் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் மூத்தவர் வீட்டில் மூத்தவர் மாதிரி. தப்பு வந்தால் முன்னால் நிற்க வேண்டியவர்.

கல் ஏற்றும் லாரி ஒவ்வொரு நடைக்கும் வைத்திருக்க வேண்டிய நடைச்சீட்டு, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. ஒரே சீட்டில் நாலு நடை அடிக்கிற கல் லாரியைப் பார்த்து நாமெல்லாம் வயிறெரிகிறோம். பழைய உருக்காலைப் பட்டியலில் தேதியை மாற்றி அனுப்புவது அதே வேலைதான்.

கிழக்குக் காங்கோவில் ரூபாயா என்ற இடத்தில் மண்வெட்டியும் கையுமாகக் கோல்டான் தோண்டுகிறார்கள். டான்டலம் அந்தத் தாதுவிலிருந்து வருவது. 2024இல் எம்23 என்ற ஆயுதக் குழு அந்தச் சுரங்கங்களைப் பிடித்துக்கொண்டு, தோண்டுகிறவர்களிடமும் வியாபாரிகளிடமும் வரி வசூலித்தது. உங்கள் போர்டில் மிளகு அளவுக்கு ஒட்டியிருக்கும் டான்டலம் கெப்பாசிட்டருக்குள் அந்த மண் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை விசாரிக்கத்தான் இந்தப் படிவம்.

இந்தப் படிவத்துக்குக் காரணமான, 2010இல் வந்த அமெரிக்கச் சட்டம் காங்கோவில் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. விசாரி, விசாரித்ததைச் சொல் என்கிறது. பல கம்பெனிகள் பயந்து அந்தப் பக்கமே போகாமல் ஒதுங்கியதில், கையால் தோண்டிப் பிழைத்த குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. ஆகவே 'காங்கோ இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவதில் யாருக்கும் நன்மை இல்லை.

படிவத்தை மறுபடி திறந்து பாருங்கள். எத்தனை சதவீதம் சப்ளையர்கள் பதில் தந்தார்கள் என்ற கேள்விக்கு, 50 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் என்ற விடை அதிலேயே இருக்கிறது. காங்கோவிலிருந்தோ அதன் அண்டை நாடுகளிலிருந்தோ வருகிறதா என்ற கேள்விக்குத் 'தெரியாது' என்று போடவும் வழி உண்டு. உண்மையைச் சொல்ல அவர்களே இடம் விட்டிருக்கும்போது பொய்யை ஏன் வலியப் போய்த் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள்? ஜி.எம்.மிடம் இதைக் காட்டுங்கள். வாயால் சொல்லாமல் மெயிலில் எழுதுங்கள். அந்த வாடிக்கையாளர் அந்தச் சட்டப்படி மே 31க்குள் தன் அறிக்கையைத் தர வேண்டியிருக்கும், அதனால் பதில் தராத 25 பேரையும் இந்த வாரமே மறுபடி கேளுங்கள். வெள்ளீயம் கலந்த சால்டர், கெப்பாசிட்டர் தருபவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள்.

போன வருஷப் படிவத்தையும் திருத்தி, உங்கள் பெயரில் அனுப்புங்கள். அதற்கு முன் அந்தப் பெண்ணை உட்கார வைத்து, அவள் பெயரில் என்ன போனது என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். கோபப்பட்டால் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஜி.எம். பொய்யைத்தான் போடச் சொன்னால் எனக்கு எழுதுங்கள். வேலையை விடுவதைப் பற்றி அப்போது பேசலாம்.