நிலத்தை விற்று எம்.பி.பி.எஸ்.ஸா, மகள் கேட்கிற நர்சிங்கா?

போன வாரம் தேனிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு முடித்திருக்கிறாள். நீட் ஒருமுறை எழுதினாள். இங்கே அரசு இடம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. அம்மாவின் அண்ணனும் கூட வந்திருந்தார். அதிகம் பேசியது அவர்தான்.

"ஊசி போடுற வேலைக்கா இவளை இவ்வளவு தூரம் படிக்க வச்சோம்? ஜார்ஜியாவுல எம்.பி.பி.எஸ். சீட்டு பேசி வச்சிருக்கேன். ரோட்டு மேல இருக்கிற ஒன்றரை ஏக்கரைக் கொடுத்தா முடிஞ்சுபோச்சு."

பிள்ளை நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள், நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்று அம்மா என்னைப் பார்த்தார். பதற வேண்டாம், நேரம் இருக்கிறது என்று எப்போதும் சொல்கிற வார்த்தைகளைத்தான் நானும் சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று அன்று இரவே தோன்றிவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை அந்த அப்பா அம்மாவுக்கு இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு வீடுகளும் இருக்கும்.

ஐயா, உங்கள் மகள் ஏன் இதைக் கேட்கிறாள் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். இரண்டு வருடம் முன்பு அவள் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் கிடந்தபோது, ராத்திரி துணைக்கு இருந்தது அவள்தான். மூன்றாம் நாள் ராத்திரி ஒரு சிஸ்டர் வந்து பாட்டியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். பேர் கேட்டார், கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், கேஸ் ஷீட்டில் எழுதினார், உடனே போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் டியூட்டி டாக்டர் வந்து பாட்டியை ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். அதே ராத்திரியைப் பற்றித்தான் மாமா என்னிடம், "மனுசியைத் தூங்கவிடாம மணிக்கொரு தரம் எழுப்பிக்கிட்டே இருந்தாங்க" என்று குறைபட்டுக்கொண்டார்.

டார்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பது தனிச் சோதனை. அந்த சிஸ்டர் மற்றபடி செய்தது, நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற கிளாஸ்கோ கோமா அளவுகோல். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது என்ற மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். முழு நினைவோடு இருந்தால் 15. எதற்குமே அசையாதவருக்கு 3. இரவு பத்து மணிக்கு 14 இருந்தது பன்னிரண்டுக்கு 12 ஆகிவிட்டால், மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ தொடங்கியிருக்கலாம் என்று பொருள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பாட்டி அசந்து தூங்குவது போலத்தான் தெரியும். தூக்கம் எது, நினைவு தப்புவது எது என்று பிரித்தறியத்தான் எழுப்புகிறார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போன பிறகு மிச்சமிருக்கிற மணிநேரம் முழுக்க, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது நர்ஸ்தான். உங்கள் மகளுக்குப் பதினைந்து வயதில் பிடிபட்டது இதுதான்.

இன்னொன்றும் சொன்னாள். பாட்டி தண்ணீர் கேட்டபோது கொடுக்கக் கூடாது என்று சிஸ்டர் தடுத்ததும், உறவுக்காரர்கள் சண்டைக்குப் போனார்களாம். ஊரில் பலரும் இதைக் கல்மனசு என்றுதான் நினைக்கிறார்கள். பக்கவாதத்தில் விழுங்கும் தசையும் தளர்ந்துபோயிருக்கலாம். அப்போது ஒரு மடக்குத் தண்ணீர் இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும், நிமோனியாவில் கொண்டுவிடும். அதனால்தான் முதலில் விழுங்க முடிகிறதா என்று சோதிப்பது. முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியே உணவு, அதுவும் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைத்துத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது படுக்கைப்புண் வராமல் இருக்க. வெளியே பார்க்க இவையெல்லாம் கைவேலை மாதிரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் உடலியங்கியல் இருக்கிறது.

"ஒரு டிரிப்ஸ் ஏத்திவிடச் சொன்னா சிஸ்டர் யோசிக்கிறாங்க" என்ற புகாரையும் அடிக்கடி கேட்கிறேன். அரை லிட்டர் நார்மல் சலைன் பாட்டிலில் இருப்பது நாலரை கிராம் உப்பு. 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய 100 கலோரி. இரண்டு இட்லி தருகிற தெம்பு அவ்வளவுதான். வாய்வழி சாப்பிட முடிகிறவருக்கு அது தேவையே இல்லை. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக உள்ளவருக்குத் தேவையில்லாமல் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். நர்ஸ் யோசிப்பது நோயாளியின் நல்லதுக்கு.

இனி படிப்புக்கு வருகிறேன். இன்ஜினியரிங், பி.காம்., லேப் டெக்னீஷியன் என்ற வழக்கமான பட்டியலை நான் விரிக்கப் போவதில்லை. அவற்றைச் சொல்ல உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருப்பார்கள்.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். உடற்கூறியல், நுண்ணுயிரியல், மருந்தியல், மனநலம், குழந்தை நலம், மகப்பேறு, சமூக நலம் என்று போகும். வகுப்பறைக்கு ஈடாக வார்டிலும் நிற்க வேண்டும். இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு 1946இலேயே வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் இதற்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு நடத்தும் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். சென்னை, மதுரை போன்ற அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

தனியார் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்றால், கட்டடத்தைப் பார்க்காதீர்கள், வார்டைப் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும். ஒரு வேலை நாளில் சொல்லாமல் போய், எத்தனை படுக்கையில் நோயாளி இருக்கிறார் என்று எண்ணுங்கள். நோயாளி இல்லாத மருத்துவமனையில் படித்த பிள்ளைக்கு நரம்பில் ஊசி ஏற்றக் கை வராது. பக்கத்து மாநிலத்தில் சீட்டு வாங்கித் தருகிறேன் என்று வரும் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அசல் சான்றிதழை அவர்களிடம் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள்.

முடித்ததும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு. அதற்குப் பிறகு அவளிடம் நான் சொல்லப்போவது தீவிர சிகிச்சைப் பிரிவு. ஐ.சி.யூ. என்றாலே "உள்ள வச்சு பில் போடுற இடம்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. பில்லைப் பற்றிச் சண்டை போட வேண்டிய இடங்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பது வேறு விஷயம். வென்டிலேட்டரில் இருக்கிற ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் நியதி. டியூட்டி மாறும்போது முந்தைய நர்ஸ் தலை முதல் கால் வரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைப்பார். எந்தக் குழாய் என்றைக்குப் போட்டது, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிற மருந்து மணிக்கு எத்தனை மில்லி ஓடுகிறது, எத்தனை மில்லி சிறுநீர் வந்தது, கடைசியாக எடுத்த ரத்த வாயுப் பரிசோதனை என்ன சொல்கிறது. மணிக்கு மணி சிறுநீர் குறைந்துகொண்டே போனால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லையோ என்று முதலில் சந்தேகப்படுவது அவர்தான். அலாரம் அடித்தால் குழாயில் சளி அடைத்திருக்கிறதா, டியூப் கழன்றிருக்கிறதா, நோயாளி இருமுகிறாரா என்று நொடிகளில் பிரித்தறிய வேண்டும். தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாத நோயாளியின் கண்ணைப் பார்த்து வலியைப் புரிந்துகொள்ள வேண்டும். நிதானமும் கூர்மையும் ஒன்றாக இருக்கிற பிள்ளைக்குத்தான் இது வரும். பதினைந்து வயதில் அந்த டார்ச் வெளிச்சத்தைக் கவனித்த உங்கள் மகளுக்கு அது இருக்கிறது என்று நம்புகிறேன்.

இந்தத் துறையில் மேலே படிக்கவும் வழி இருக்கிறது. தீவிர சிகிச்சை நர்சிங்கில் ஓராண்டு டிப்ளமோ உண்டு. 2016இல் நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும் உண்டு. மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே பயில்வது அது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நார்செட் என்று ஒரு பொதுத் தேர்வு. அதில் தேறினால் பதவியின் பெயர் நர்சிங் ஆபீசர், அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய், படிகள் தனி. வெளிநாடு போக நினைத்தாலும், ஐ.சி.யூ. அனுபவம் உள்ளவர்களைத்தான் முதலில் கேட்கிறார்கள். அப்படிப் போவதானால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகப் போகட்டும்.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். பல தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் மனம் நோகிற அளவுக்குக் குறைவு. 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு, சிறிய மருத்துவமனையில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் சம்பளத்துக்கு நிகராகக் கொடுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பல இடங்களில் அது காகிதத்திலேயே நிற்கிறது. தமிழக அரசு வேலையிலும் பலர் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரமாக வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இது அநியாயம். அதனால்தான் படிப்புச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு அடம்பிடிக்கிறேன். பெரிய கடனோடு இந்த வேலைக்குள் நுழையக் கூடாது.

செலவு என்றதும் அந்த ஒன்றரை ஏக்கர் நினைவுக்கு வருகிறது. மாமா சொல்லாமல் விட்ட கணக்கு இது. இன்றைய விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதம் படிப்பு, அங்கேயே 12 மாதம் பயிற்சி, இந்தியா திரும்பித் தகுதித் தேர்வு, அதன் பிறகு இங்கே 12 மாதம் பயிற்சி. தேர்வுக்குக் காத்திருக்கும் காலத்தைச் சேர்க்காமலே ஆறரை வருடம். அந்தத் தேர்வை ஒவ்வொரு முறையும் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. மருத்துவம் படிக்க உயிரை விடுகிற பிள்ளைக்காக இந்த ஆபத்தை எடுப்பது வேறு. இங்கே பிள்ளை அதைக் கேட்கவே இல்லை. கேட்காத படிப்புக்காகக் கடைக்குப் பின்பலமாக இருக்கிற நிலத்தை விற்க நான் ஒருக்காலும் சம்மதம் சொல்லமாட்டேன். பட்டம் கைக்கு வராமல் அவள் திரும்பினால், அந்த நிலத்தின் பாரம் முழுக்க அவள் தலையில்தான் ஏறும்.

அம்மா, நீங்கள் கடைசியில் தணிந்த குரலில் கேட்டீர்கள்: "நைட் டியூட்டி பாக்கிற பொண்ணை யார் கட்டுவாங்க?" உங்கள் மாமியாருக்கு அந்த ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தவரும் ஒரு வீட்டுப் பெண்தான். அவர் அன்று நைட் டியூட்டியில் இருந்ததால்தான் பாட்டி ஸ்கேனுக்குப் போனார். ராத்திரி வேலை உடம்புக்குச் சிரமம்தான், தூக்கம் கெடும், முதல் வருடம் அழுவாள். அதைச் சொல்லி அவளைத் தயார்படுத்துங்கள். அவமானம் என்று மட்டும் அவள் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள்.

ஒரு காரியம் செய்யுங்கள். தெரிந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸிடம் கேட்டு, மகளை ஒரு நாள் அவரோடு பேசவிடுங்கள். மலம் துடைப்பது, மரணத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பது, உறவினர்களின் வசவைக் கேட்பது எல்லாவற்றையும் அவர் ஒளிக்காமல் சொல்லட்டும். கேட்ட பிறகு அவளுக்கே வேண்டாம் என்று தோன்றினால், நானும் அந்த முடிவோடு நிற்பேன். வேண்டும் என்றால் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை நீங்கள் மூன்று பேர் மட்டும் வாருங்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிவிடலாம். நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.