பேஸ்மென்டில் கிடைத்த ஹாமண்ட் ஆர்கன் என்ன மாடல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சரிசெய்ய முடியுமா?

நியூ ஜெர்சியில் வாங்கிய பழைய வீட்டின் பேஸ்மென்டில் இரண்டு அடுக்கு ஹாமண்ட் ஆர்கன் கிடக்கிறது, சுவிட்ச் போட்டால் உள்ளே உறுமுகிறது, வாசித்தால் சத்தமில்லை, சரியானால் பிறகு சென்னைக்கு எடுத்துப்போக ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். எம்-3 என்ற சின்ன ஹாமண்ட் மாடல் ஒன்றைக் கராஜில் வைத்து ஒரு குளிர்காலம் முழுக்கச் சரிசெய்த அனுபவத்தில் சொல்கிறேன்: இப்போதைக்கு அந்த சுவிட்சைத் தொடாதீர்கள். முதலில் எண்ணெய்.

உறுமல் நல்ல செய்திதான். உள்ளே பல் வைத்த எஃகுச் சக்கரங்கள் சுற்றுகின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன, அந்தச் சுழற்சிதான் ஸ்வரம். லாரன்ஸ் ஹாமண்ட் அதற்கு முன் கடிகாரக் கம்பெனி நடத்தியவர். மின்சாரத்தின் அலைவோடு பிசகாமல் சுற்றும் கடிகார மோட்டாரையே 1935இல் வந்த ஆர்கனிலும் வைத்தார். அதனால் இதற்குச் சுருதி சேர்க்கும் வேலையே இல்லை.

மாடலுக்கு, ஒரு அடுக்கில் எத்தனை கட்டைகள் என்று எண்ணுங்கள். 61 இருந்து, இடது ஓரத்தில் கறுப்பு வெள்ளை இடம் மாறிய 12 கட்டைகளும் இருந்தால் பெரிய கன்சோல் ரகம். நான்கு கால்களில் நின்றால் பி-3, சுற்றிலும் பலகை அடைத்திருந்தால் சி-3, உள்ளேயே ஸ்பீக்கர் இருந்தால் ஏ-100. மூன்றுக்கும் உள்ளே இருக்கும் சங்கதி கிட்டத்தட்ட ஒன்றுதான், பி-3யின் பெயருக்குத்தான் விலை அதிகம். வலது மேல் மூலையில் பெர்கஷன் சுவிட்சுகள் (ஸ்வரத்தின் தொடக்கத்தில் ஒரு தெறிப்பைச் சேர்ப்பவை) இல்லாவிட்டால் அது 1955க்கு முந்தையது. 44 கட்டைகள் இருந்து, மேலடுக்கு வலப்பக்கம் தள்ளி இருந்தால் ஸ்பினெட் என்ற சின்ன ரகம். அதில் ஸ்டார்ட், ரன் என்று இரண்டு சுவிட்ச் இருந்தால் பெரும்பாலும் எம்-3 வகை, ஒரே சுவிட்ச் என்றால் எல்-100 வகை. பின்பலகையைக் கழற்றினால் தகட்டில் மாடலும் வரிசை எண்ணும் இருக்கும்.

பலகையைக் கழற்றிய கையோடு அந்தச் சக்கரங்கள் அடங்கிய ஜெனரேட்டரின் மேல் இருக்கும் சின்ன எண்ணெய்க் குழிகளைத் தேடுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு பேரிங்குக்கும் ஒரு பருத்தி நூல் போகும். அகல் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுமே, அதே மாதிரி நூல் வழியாகத்தான் எண்ணெய் நகரும். ஹாமண்டுக்கென்றே விற்கும் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கூடவே கூடாது. என்னுடையதில் நூல்கள் காய்ந்து பழுப்பேறி விறைத்திருந்தன. எண்ணெய் விட்டு, தினமும் சக்கரங்களைச் சுற்றும் தண்டைக் கையால் மெதுவாகத் திருப்பி வைத்தேன். ஒன்பதாம் நாள்தான் மோட்டார் தானாகச் சுற்றியது. அவசரப்பட்டு முதல் நாளே ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும்.

அப்புறம் ஓட்டும் முறை. இரண்டு சுவிட்ச் மாடல் என்றால் ஸ்டார்ட்டை 8 விநாடி பிடித்துக்கொண்டு, விடாமலே ரன்னைப் போட்டு, இன்னும் 4 விநாடி கழித்து ஸ்டார்ட்டை விட வேண்டும். ஸ்டார்ட்டை மட்டும் அமுக்கினால் உறுமல் கேட்கும், இசை வராது. உங்கள் பிரச்சினை இதுவாகவே இருக்கலாம். ஆம்ப்ளிஃபயரின் வால்வுகள் (கண்ணாடி வெற்றிடக் குழாய்கள்) சூடேற அரை நிமிடம் கொடுங்கள்.

சத்தம் வந்தபின் சில கட்டைகள் ஊமையாக இருக்கும். ஒரே சக்கரம் பல கட்டைகளுக்கும், ஒலியின் தன்மையை மாற்ற இழுக்கும் டிராபார்களுக்கும் ஸ்வரம் கொடுக்கிறது. ஆகவே ஒரு ஸ்வரம் எல்லா இடத்திலும் காணவில்லை என்றால் கோளாறு ஜெனரேட்டர் பக்கம். ஒரே கட்டையில் மட்டும் இல்லை என்றால் அந்தக் கட்டைக்கு அடியில் இருக்கும் தொடுகம்பியில் தூசி. அதை வேகமாக முப்பது நாற்பது தடவை தட்டுங்கள், பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

ஆம்ப்ளிஃபயரை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். பவர் மின்தேக்கிகளையும் பழைய வயரையும் வால்வு ஆம்ப் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள். ஜெனரேட்டரில் இருக்கும் மெழுகுக் காகித மின்தேக்கிகளையும் மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் ஒலி பளிச்சென்று ஆகும், உண்மைதான். நான் மாற்றவில்லை. அந்த மங்கிய, கொஞ்சம் இருண்ட குரல் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

சென்னை விஷயம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்மூரில் 50. மோட்டார் அந்த விகிதத்தில் மெதுவாகும், சி கட்டையை அமுக்கினால் கீழே இருக்கும் ஏ ஒலிக்கும். 230ஐ 120 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும், சுருதியைச் சரிசெய்யாது. 60 ஹெர்ட்ஸ் சுத்தமான சைன் அலை தரும் இன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு கப்பலில் ஏற்றுங்கள். மாடல் தகட்டின் படத்தைப் போடுங்கள், எண்ணெய்க் குழிகள் எங்கே என்று குறித்துக் காட்டுகிறேன்.