உக்ரைன் ஹங்கேரிய மொழிப் பள்ளிகளை மூடிவிட்டதா? நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உக்ரைனுக்கு ஹங்கேரி ஏன் முட்டுக்கட்டை போட்டது?

மூடவில்லை. இப்படிச் சொன்னால் உக்ரைனுக்கு வக்காலத்து என்பார்கள். கீழே படித்தால் ஹங்கேரிக்கு வக்காலத்து என்பார்கள். முதலில் சட்டத்தைப் பாருங்கள்.

2017 செப்டம்பரில் வந்த கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, தாய்மொழிவழிக் கல்விக்கான உறுதியை 4ஆம் வகுப்போடு நிறுத்தியது. மேல்வகுப்புக் கணக்கை 2020 பள்ளிக்கல்விச் சட்டம் வகுத்தது. ஐரோப்பிய ஒன்றிய மொழிகளுக்கு 5ஆம் வகுப்புப் பாடநேரத்தில் குறைந்தது 20 விழுக்காடு உக்ரைனியம், 9ஆம் வகுப்பில் 40, அதற்குமேல் 60. ரஷ்ய மொழிக்கு 5ஆம் வகுப்பிலேயே 80. அரசு மொழியை வளர்ப்பது நியாயமான நோக்கம்தான், ஆனால் மொழிக்கு மொழி வேறுபாடு காட்டுவது சரியல்ல என்று ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனைக் குழுவான வெனிஸ் ஆணையம் 2017 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது.

ஹங்கேரி 2017 இறுதியிலிருந்து நேட்டோ-உக்ரைன் ஆணையக் கூட்டங்களைத் தடுத்தது. இதே சட்டத்தை எதிர்த்து ருமேனிய அதிபர் கீவ் பயணத்தை ரத்து செய்தார். 2018இல், உக்ரைனியக் குடிமக்களுக்கு ஹங்கேரி கடவுச்சீட்டு கொடுத்த தகராறில் இரு நாடுகளும் ஆளுக்கொரு தூதரக அதிகாரியை வெளியேற்றின. இத்தனைக்கும் ஹங்கேரியப் பள்ளிகளுக்கான விழுக்காடுகள் 2023இல் தொடங்க வேண்டியவை. அதுவும் 2024க்குத் தள்ளிப்போனது.

உண்மையான சிக்கல் வகுப்பறையில் இருக்கிறது. ஹங்கேரியை ஒட்டிய உக்ரைன் மாகாணமான டிரான்ஸ்கார்பதியாவில், பெரெஹோவே நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் பேசுவது ஹங்கேரியம். அவர்களுக்கு உக்ரைனியத்தைத் தாய்மொழிப் பாடம்போல இலக்கணத்திலும் செய்யுளிலும் தொடங்கினால் வருடங்கள் போனாலும் பேச்சு வராது. அந்த நிலையில் அறிவியலை உக்ரைனியத்துக்கு மாற்றினால் மொழியும் ஏறாது, அறிவியலும் ஏறாது. முதலில் பேச்சுப் பயிற்சி. பிறகு கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய உடற்கல்வி, ஓவியம், கைத்தொழில். இருமொழிக் கலைச்சொல் பட்டியலோடு பாடநூல் வந்த பிறகே வரலாறு, அறிவியல். இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாவிட்டால் எந்த விழுக்காடும் வீண்.

இதே வட்டாரத்தில் ஹங்கேரியம் பேசும் ரோமா என்னும் சிறுபான்மை இனப் பிள்ளைகள் தனித்து ஒதுக்கப்பட்ட பள்ளிகளில் அரைகுறையாய்ப் படிக்கிறார்கள். அவர்களுக்காக எந்தத் தலைநகரும் எந்தக் கூட்டத்தையும் தடுத்ததில்லை. இது கேள்விக்கு வெளியேதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

2023 டிசம்பர் 8இல் உக்ரைன் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஒன்றிய மொழி பேசுவோர் உக்ரைனிய மொழி, இலக்கியம், உக்ரைன் வரலாறு, நாட்டுப் பாதுகாப்பு ஆகிய நான்கைத் தவிர மற்றதெல்லாம் தாய்மொழியில் படிக்கலாம். அடுத்த வாரமே ஒன்றியம் உக்ரைனை உறுப்பினராக்கும் பேச்சுக்கு இசைந்தது. அப்போதைய ஹங்கேரியப் பிரதமர் ஓர்பான் அறையைவிட்டு வெளியே போய் வழிவிட்டார். 2024இல் ஹங்கேரி மறுபடி சிறுபான்மையினர் உரிமை பற்றிய 11 கோரிக்கைகளோடு வந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தில் சேர உக்ரைனிய மொழித் தேர்வு எல்லோருக்கும் கட்டாயம்; அந்த மொழியைக் கற்பிக்கும் முறைக்கு 2023 திருத்தத்தில் மருந்தில்லை.