ஒரு நாவலின் பெறுமதியை எந்தப் பக்கத்தில் தேடுவது?

அன்பின் ஐயா,

தம்பலகாமத்தில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி நாவல்களைப் பற்றிக் கதைக்கிறோம். சென்ற கூட்டத்தில் ‘மோகனாங்கி’ பற்றிப் பேச்சு வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல், எழுதியவர் திருகோணமலைக்காரர், ஆகவே அது செவ்வியல் நாவல்தான் என்றார் ஒருவர். பழையதெல்லாம் செவ்வியல் ஆகிவிடாது என்றார் இன்னொருவர். இதெல்லாம் அவரவர் ரசனை என்று மூன்றாமவர் முடித்துவைத்தார். எனக்கு மூன்றுமே திருப்தி தரவில்லை. ஒரு நாவலுக்கு இலக்கியப் பெறுமதி உண்டென்று எதை வைத்துச் சொல்வது? புத்தகத்தைத் திறந்து காட்டக்கூடிய ஏதாவது இருக்கிறதா?

வாசகர், தம்பலகாமம்

அன்பின் தம்பி,

இருக்கிறது. முதலில் உங்கள் நண்பர்களின் சிக்கலைப் பிரித்துவிடுவோம். தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் சென்னையில் வெளிவந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1891இல், ‘ஊசோன் பாலந்தை கதை’யை எழுதிய இன்னாசித்தம்பியும் திருகோணமலைக்காரரே. நாவல் என்ற வடிவம் தமிழில் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே இந்த ஊரிலிருந்து இருவர் அதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். இதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ஆனால் இது வரலாற்றுப் பெறுமதி. ஒரு நூல் எப்போது வந்தது என்பது அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லாது.

அதே ஆண்டுகளின் இன்னொரு நாவலை எடுங்கள். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்து, 1896இல் நூலானது. அதில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்றொரு தமிழ் வாத்தியார் வருகிறார். அவர் வாயைத் திறந்ததும் ஆள் தெரிகிறது. சிறுகுளம் கிராமத்தின் வம்பும் வாஞ்சையும் அந்த மனிதர்களின் பேச்சிலேயே கேட்கிறது. பிற்பகுதியில் வேதாந்தம் மேலெழும்போது இந்த மனிதர்கள் மங்கிப்போகிறார்கள். ஆசிரியருக்குச் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது, அதற்குப் பாத்திரங்கள் வழிவிட்டுவிட்டன. பெறுமதி எங்கே உண்டாகிறது, எங்கே கசிகிறது என்ற இரண்டையும் ஒரே நூலில் பார்க்கலாம்.

என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். எழுதியவர் வைத்திருந்த கருத்தைவிட அதிகமாகப் பார்க்கும் நாவலே பெரிய நாவல். இதைப் பக்கத்தில் காட்ட முடியும்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் ‘மேடம் பவாரி’, இரண்டாம் பாகம், எட்டாம் அத்தியாயம். ஊரில் விவசாயக் கண்காட்சி. கீழே அதிகாரி ஒருவர் உழவின் மகிமையைப் பேசிக்கொண்டிருக்கிறார். மேலே மண்டபத்து மாடியில் ரொடோல்ஃப் என்பவன், மணமான கதாநாயகி எம்மாவிடம் காதல் வசனம் பேசுகிறான். அவன் உருகும் ஒவ்வொரு வரிக்கும் இடையில் பரிசு அறிவிப்பு வந்து விழுகிறது. அதில் ஒன்று எருவுக்கான பரிசு. இவன் பேசுவது பொய் என்று ஆசிரியர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

பலரும் இந்த அத்தியாயத்தை இதற்காகப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதற்கடுத்த ஒரு பக்கம்தான் பெரிது. கத்தரீன் லெரூ என்ற வயோதிப வேலைக்காரி மேடைக்கு அழைக்கப்படுகிறாள். ஒரே பண்ணையில் 54 வருடம் வேலைசெய்ததற்கு 25 பிராங்க் பெறுமதியான வெள்ளிப் பதக்கம். களஞ்சியத் தூசியும் சலவைக் காரமும் கம்பளி எண்ணெயும் ஊறி, கழுவியும் அழுக்காகவே தெரியும் அவள் கைகளை ஃப்ளோபேர் காட்டுகிறார். வேலை செய்துசெய்து விரல்கள் பாதி விரிந்தபடியே நிற்கின்றன. பதக்கத்தைப் பாதிரியாருக்குக் கொடுத்துப் பூசை வைப்பேன் என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போகிறாள். கதைக்கு அவள் தேவையே இல்லை, மறுபடி வருவதுமில்லை. ஆனால் அவள் நின்ற அந்தச் சில வரிகளுக்குப் பிறகு எம்மாவின் ஏக்கம், ரொடோல்ஃபின் வசனம், அதிகாரியின் பேச்சு எல்லாமே வேறு எடை பெற்றுவிடுகின்றன. சுருக்கப் பதிப்புகளில் முதலில் வெட்டுப்படுவது இப்படியான பக்கங்கள்தான்.

இந்த நாவலின் மீது 1857இல் ஒழுக்கக்கேடு என்று வழக்கு நடந்தது; விடுதலை கிடைத்தது. எம்மாவைக் கண்டிக்கத் தகுதியான ஒரு பாத்திரமும் நூலில் இல்லை என்பது அரச வழக்கறிஞரின் குறைகளில் ஒன்று. அவர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்.

டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’வில், விரான்ஸ்கி என்ற இளம் அதிகாரியைச் சந்தித்துவிட்டு ஊர் திரும்பும் அன்னா, ரயில் நிலையத்தில் கணவனைக் கண்டதும் இவருக்கு ஏன் காதுகள் இப்படி இருக்கின்றன என்று நினைக்கிறாள். காதுகள் மாறவில்லை. அவள் மனம் மாறிவிட்டதை ஒரு வாக்கியத்தில் நாம் அறிந்துகொள்கிறோம், அவள் இன்னும் அறியவில்லை.

ஆசிரியர் குறுக்கிட்டுப் பேசினாலே குறை என்று எண்ணிவிட வேண்டாம். ஜார்ஜ் எலியட் ‘மிடில்மார்ச்’சில் ஓயாமல் பேசுகிறார். 29ஆம் அத்தியாயத்தை இளம் கதாநாயகி டொரோதியாவிலிருந்து தொடங்கியவர், ஏன் எப்போதும் டொரோதியா என்று தன்னையே மறித்து, நாம் வெறுக்கத் தொடங்கியிருந்த அவளுடைய கிழக் கணவரின் பக்கம் திரும்புகிறார். அந்தக் குறுக்கீடு நம் பார்வையை அகலமாக்குகிறது. நம்மை மடக்கி ஒரு தீர்ப்புக்குள் அடைக்கும் குறுக்கீடுதான் கெடுதல்.

அடுத்த கூட்டத்தில் இப்படிச் செய்து பாருங்கள். நான்கைந்து பக்கமுள்ள ஒரு காட்சியைத் தெரிவுசெய்யுங்கள். உச்சக்கட்டம் வேண்டாம், அங்கே கதையின் வேகம் குறைகளை மறைத்துவிடும். ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். பிறகு பென்சிலை எடுத்து, ஆசிரியர் தீர்ப்புச் சொல்லும் வரிகளைக் கோடிட்டு, அவற்றை விட்டுவிட்டு மறுபடி வாசியுங்கள். காட்சி சரிந்துவிட்டால், அங்கே எழுதப்பட்டிருந்தது கருத்து மட்டுமே. உரையாடலில் பெயர்களை மறைத்துவிட்டு யார் பேசுகிறார் என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே குரலில் பேசினால் அது ஆசிரியரின் குரல். கடைசியாக, காட்சியில் மிகக் குறைந்த இடம் பெற்ற ஆளைத் தேடுங்கள். கதவைத் திறக்கவும் கடிதம் கொண்டுவரவும் மட்டுமே அந்த ஆள் வந்தாரா, ஒரு கணமாவது மனிதராக நின்றாரா?

உயர்தர வகுப்புக் குறிப்புகளில் ‘சமூகக் கருத்து’, ‘பாத்திரப் படைப்பு’ என்று தலைப்புப் போட்டு எழுதுகிறோமே, அதில் நேரும் பிழை இதுதான். நல்ல கருத்து மோசமான நாவலிலும் இருக்கலாம். கதைச்சுருக்கத்தில் அகப்படுவதெல்லாம் சுருக்கத்தில் அகப்படக்கூடியவை மட்டுமே. கத்தரீன் லெரூ எந்தச் சுருக்கத்திலும் வரமாட்டாள்.

ரசனை பற்றிச் சொன்ன நண்பருக்கு: எந்த நாவல் பிடிக்கும் என்பது அவரவர் ரசனைதான். அந்தக் கைகள் பக்கத்தில் இருக்கின்றனவா இல்லையா என்பது ரசனை சார்ந்ததல்ல. காலம் தீர்மானிக்கும் என்பதையும் அளவோடுதான் ஏற்பேன். 1851இல் வந்த ‘மோபி டிக்’ விற்கவில்லை. 1891இல் அதை எழுதிய மெல்வில் இறந்தபோது அதைப் பேசுவோர் மிகச் சிலரே. 1920களில்தான் வாசகர்கள் அதை மீட்டார்கள். காலம் தானாக எதையும் செய்யாது, யாராவது திறந்து வாசிக்க வேண்டும்.

‘மோகனாங்கி’யையும் இப்படியே வாசியுங்கள். சரவணமுத்துப்பிள்ளை 1892இல் ‘தத்தை விடு தூது’ என்ற கவிதை நூலை எழுதி, பெண்கள் அடைபட்டிருப்பதை எதிர்த்தவர். அந்த உறுதியான கருத்தோடு நாயக்கர் காலத்துக்குள் நுழைந்தவரின் கதாநாயகி, தன் வாயால் பேசும் இடங்கள் எவை, ஆசிரியருக்காகப் பேசும் இடங்கள் எவை என்று பிரித்துக் குறியுங்கள். நூல் முழுப் பதிப்பாக இருக்கட்டும். ஆளுக்கு இரண்டு அத்தியாயம் எடுத்தால் சுமையும் இராது. குறித்ததை எனக்கு எழுதி அனுப்புங்கள்.