22,000 கி.மீ.யில் தேய்ந்த டயர்: நான்கையும் இ.எம்.ஐ.யில் மாற்றலாமா?

கேள்வி: அவிநாசியில் குடியிருக்கிறேன், வேலை கோவையில். என் வேகன்ஆர் 1.0 காரில் தினமும் போக வர 80 கி.மீ., மாதத்துக்கு 24 நாள். போன வருடம்தான் நான்கு டயரும் புதிதாகப் போட்டேன். 22,000 கி.மீ. ஓடுவதற்குள் முன் டயர் இரண்டிலும் உள்பக்கம் மொட்டையாகிவிட்டது. கடையில் அளந்து பார்த்து உள்பக்கம் 1.8 மி.மீ., நடுவில் 4.2, வெளிப்பக்கம் 4.5, பின் டயர்களில் எல்லா இடத்திலும் 5 மி.மீ. என்றார்கள். நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். ரொக்கம் என்றால் டயர் ஒன்று ரூ.3,800. கிரெடிட் கார்டில் என்றால் நான்கும் சேர்த்து ரூ.17,000, ஆறு மாதத் தவணை, வட்டி இல்லை என்கிறார்கள். கார் ஒரு பக்கமாக இழுக்கவும் இல்லை. டயர் போட்ட பிறகு அலைன்மென்ட் பார்க்கவில்லை; காற்று ஞாபகம் வரும்போது பங்கில் பிடிப்பேன். சம்பளம் ரூ.34,000. சேமிப்புக் கணக்கில் ரூ.14,000, அவசரத்துக்கு வைத்திருக்கும் எஃப்.டி. ரூ.40,000, மாதம் ரூ.2,000 ஆர்.டி. போகிறது. என்ன செய்யலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அவிநாசி)

பதில்: இரண்டு டயர் மட்டும் வாங்குங்கள். சேமிப்புக் கணக்கிலிருந்து ரொக்கமாகக் கொடுங்கள். எஃப்.டி.யையும் ஆர்.டி.யையும் தொட வேண்டாம். இந்த வாரமே முடித்துவிடுங்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்பதைக் கணக்கே சொல்லும்.

இந்த அளவில் புது டயரின் பட்டன் ஆழம், அதாவது மேலே வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம், 7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்பக்கம் 1.8 வந்திருக்கிறது என்றால் 22,000 கி.மீ.யில் 5.2 மி.மீ. போயிருக்கிறது, அதாவது ஆயிரம் கி.மீ.க்கு 0.24 மி.மீ. காருக்குச் சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. மிச்சமிருக்கும் 0.2 மி.மீ., உங்கள் ஓட்டத்துக்குப் பத்துப் பதினொரு நாள் தாங்கும். மழை பெய்து ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது, நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில், அந்தத் தண்ணீரை வெளியே தள்ள உள்பக்கத்தில் பள்ளமே இருக்காது. சட்டம் 1.6 என்றாலும் 2 மி.மீ. வந்ததும் மாற்றுவதே நம் ஊர் மழைக்கு ஏற்றது. கீழே உள்ள கணக்கெல்லாம் அந்த 2 மி.மீ.யை வைத்துத்தான்.

நடுப்பகுதியைப் பாருங்கள். அங்கே 2.8 மி.மீ.தான் தேய்ந்திருக்கிறது, ஆயிரம் கி.மீ.க்கு 0.127. இந்த வேகத்தில் 7-லிருந்து 2-க்கு வர ஏறக்குறைய 39,000 கி.மீ. ஆகும். ஆக டயரின் ரப்பர் மட்டமில்லை, நீங்கள் ஓட்டும் விதத்திலும் பெரிய குறை இல்லை. 39,000 ஓட வேண்டிய டயரை, உள்பக்கம் ஓரங்குல அகலத்தில் தேய்த்து 21,000-லேயே முடித்துவிட்டது வேறொன்று. அதைச் சரிசெய்யாமல் நான்கு புது டயர் போட்டால், அடுத்த வருடம் இதே கேள்வியோடு அதே கடையில் நிற்பீர்கள்.

அந்த வேறொன்று, பெரும்பாலும் டோ. முன் சக்கரங்கள் இரண்டும் மேலிருந்து பார்த்தால் ஏறக்குறைய இணையாக நிற்க வேண்டும். முன்னால் விரிந்து நின்றால் உள்பக்கம் தேயும், குவிந்து நின்றால் வெளிப்பக்கம் தேயும். ஒரு சக்கரம் கால் டிகிரி திரும்பி நின்றாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4 மீட்டருக்கு மேல் டயர் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். 22,000 கி.மீ.க்குக் கணக்குப் போட்டால் 96 கி.மீ. வருகிறது. அவிநாசியிலிருந்து கோவைக்கு இரண்டு தடவைக்கு மேல் டயரைக் குறுக்கே வைத்து இழுத்த மாதிரி. இரண்டு சக்கரமும் ஒரே அளவு விலகியிருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும், கார் நேராகத்தான் போகும். ‘ஒரு பக்கம் இழுக்கவில்லையே’ என்று நீங்கள் ஏமாந்தது இதனால்தான்.

எனவே முதலில் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை மெஷினில் பார்த்துச் சரிசெய்வது. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காரை ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரத்தை 3 மணி, 9 மணி இடங்களில் இரண்டு கையால் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தால், சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்ட் போயிருக்கலாம். 12 மணி, 6 மணியில் ஆட்டம் என்றால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் மூட்டு) அல்லது வீல் பேரிங். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையில் இருக்கும் ரப்பர்) கிழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தளர்ந்திருக்கும்போது அலைன்மென்ட் செய்தால், மெஷினில் எண் சரியாக வரும். முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் போய்விடும். கொடுத்த காசு வீண்.

அலைன்மென்டுக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவை அச்சில் கேட்டு வாங்குங்கள். இந்த வகைச் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்பக்க டோ ஒன்றைத்தான் திருகிச் சரிசெய்ய முடியும். கேம்பர் (சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் அளவு) என்ற வரி சிவப்பில் இருந்தால், ‘சரி பண்ணிட்டேம்மா’ என்று சொல்வதை நம்ப வேண்டாம். அது திருகிச் சரியாகும் விஷயம் இல்லை. பெரும்பாலும், குழியில் விழுந்து ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி எத்தனை டயர் என்பது. பின் டயர்களில் 5 மி.மீ. இருக்கிறது, அதாவது இன்னும் 3 மி.மீ. பயன்படும். அவற்றை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். முன்பக்கம் தேயும் 0.127 வேகத்தில் அந்த 3 மி.மீ. 23,000 கி.மீ.க்கு மேல் வரும், அதாவது உங்களுக்கு ஒரு வருடம். புது ஜோடியைப் பின்னால் போடுங்கள். இஞ்சின் இழுப்பது முன் சக்கரத்தை, எனவே புதுசு முன்னால்தான் என்று கடையில் வாதிடுவார்கள். ஈர ரோட்டில் முன் சக்கரம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை விட்டு ஓரளவு சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். நல்ல பிடி பின்னால் இருக்கட்டும்.

இதில் பண விஷயத்திலும் ஒரு வசதி கிடைக்கிறது. இந்தப் புது ஜோடி ஒரு வருடம் பின்னால் ஓடி, அடுத்த வருடம் முன்னுக்கு வரும். அப்போது இன்னொரு புது ஜோடி பின்னால். வருடத்துக்கு இரண்டு டயர் என்று நிலைத்துவிடும், ஒரேயடியாக நான்கு டயர் செலவு என்பதே வராது. ஒவ்வொரு ஜோடியும் பின்னால் 23,000, முன்னால் 23,000 என்று மொத்தம் 46,000 கி.மீ. ஓடும்; தனியாக இடம் மாற்றும் வேலையும் இல்லை. (உங்களைப் போல வருடத்துக்கு 23,000 ஓட்டுபவர்களுக்குத்தான் இந்த முறை. 6,000, 7,000 ஓட்டுபவர்களுக்குப் பட்டன் தேயும் முன் ரப்பர் கிழடாகிவிடும். அவர்கள் நான்கையும் சேர்த்து மாற்றுவதே சரி.)

கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால், நான்கு டயர் ரூ.15,200, ஓட்டம் 46,000 என்றால் 33 பைசா. அதே நான்கு டயர் 21,000-ல் போனால் 72 பைசா. வித்தியாசம் 39 பைசா. வருட ஓட்டத்துக்கு ரூ.9,000. ஐந்நூறு ரூபாய் அலைன்மென்டைத் தள்ளிப்போட்டதற்கு நீங்கள் கொடுத்துக்கொண்டிருந்த விலை அது.

கார்டு தவணைக்கு வருவோம். ரொக்க விலை 15,200, தவணை விலை 17,000. வட்டி இல்லை என்று சொல்லி 1,800 ரூபாயை விலைக்குள் ஒளித்திருக்கிறார்கள். ஆறு மாதமும் மாதம் ரூ.2,833 கட்டுகிறீர்கள். கடன் ஒவ்வொரு மாதமும் குறைந்துகொண்டே போவதால், இது ஆண்டுக்கு ஏறக்குறைய 39.5 சதவீத வட்டி. பிராசஸிங் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் தனி. சேமிப்புக் கணக்கில் பணம் சும்மா கிடக்கும்போது இந்தக் கடன் எதற்கு?

இப்போதைய செலவு: இரண்டு டயர் ரூ.7,600. புது வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து சுமார் ரூ.1,100. டை ராட் எண்ட் மாற்ற வேண்டி வந்தால் கூலியோடு இன்னும் ஒன்றரை, இரண்டாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் ரூ.10,700. சேமிப்புக் கணக்கில் மூவாயிரத்துச் சொச்சம் மிஞ்சும், சம்பளம் வரும் வரை போதும்.

பிறகு மாதம் ரூ.800-க்கு ஒரு வருட ஆர்.டி. ஒன்றை வங்கியில் தனியாகத் தொடங்குங்கள். தபால் ஆர்.டி. ஐந்து வருடத் திட்டம், இதற்குப் பொருந்தாது. 33 பைசா டயருக்கு, 10,000 கி.மீ.க்கு ஒருமுறை அலைன்மென்ட், பேலன்சிங் என்று ரூ.800 வைத்தால் 8 பைசா, ஆக 41 பைசா. மாதம் 1,920 கி.மீ.க்கு ரூ.787. பன்னிரண்டு மாதத்தில் ரூ.9,600 சேர்ந்திருக்கும், அடுத்த ஜோடி அதிலேயே வந்துவிடும். பெட்ரோலுக்குப் பட்ஜெட் போடும் எல்லோரும் டயரை மட்டும் திடீர்ச் செலவு என்கிறார்கள். அதுவும் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கரையும் செலவுதான், பில் மட்டும் தாமதமாக வருகிறது.

டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் 155/80 ஆர் 13, அதையடுத்து 79 என்று இருக்கிறதா பாருங்கள். 79 என்பது ஒரு டயர் 437 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. அதற்குக் குறைந்த எண் வேண்டாம். நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும்: 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-வது வாரம் தயாரானது. ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் விலை குறைக்கச் சொல்லுங்கள், இரண்டு வருடம் தாண்டியது என்றால் வேண்டவே வேண்டாம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் இதைச் சொல்லுங்கள். பில் இல்லாமல் நூறு இருநூறு குறைத்துத் தருகிறேன் என்பதற்கும் மசிய வேண்டாம்; தயாரிப்புக் குறை என்று பின்னால் வாரண்டி கேட்க அந்த பில் வேண்டும்.

காற்று விஷயத்திலும் கொஞ்சம் மாற வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அந்த அளவுதான் உங்கள் அளவு. பங்கில் கேட்காமலே ‘முப்பத்தஞ்சு’ என்று எல்லாக் காருக்கும் பிடிப்பார்கள். அதிகம் பிடித்தால் நடுவில் தேயும், குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். காலையில் கிளம்பிய இரண்டு மூன்று கி.மீ.க்குள் பாருங்கள். கோவை போய்ச் சேர்ந்ததும் பார்த்தால் சூட்டில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் குறைந்த காற்றில் கிளம்புவீர்கள். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கேஜ் ஒன்றை டேஷ்போர்டில் போட்டுவையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போதும். நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

உள்பக்கத் தேய்மானம் வெளியே நின்று பார்த்தால் தெரியாது. மாதம் ஒருமுறை ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்தி, டயரின் பின்புறமாகக் குனிந்து பாருங்கள். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும், 1.6 மி.மீ. உயரம், பட்டன் அந்த மேட்டுக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. கையால் தடவுவதாக இருந்தால் மெதுவாக, கம்பி நூல் வெளியே வந்திருந்தால் கிழித்துவிடும். இப்படிப் பார்த்து 3.5 மி.மீ.யில் கண்டுபிடித்திருந்தால், டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போட்டே இன்னும் சில ஆயிரம் கி.மீ. ஓட்டியிருக்கலாம். 1.8-க்கு வந்த பிறகு அதில் பலனில்லை.

இன்ஷூரன்ஸில் கேட்கலாமா என்ற எண்ணம் இருந்தால், தேய்மானத்துக்கு எந்த பாலிசியிலும் பணம் கிடையாது. முழு பாலிசியில்கூட டயர் மட்டும் சேதமானால் தர மாட்டார்கள். விபத்தில் காரும் சேர்ந்து அடிபட்டால் டயர் விலையில் பாதி. டயர் பாதுகாப்பு என்று கூடுதல் பிரீமியத்தில் விற்பது வெடிப்பு, வீக்கம், கிழிசல் போன்றவற்றுக்கு. வருடம் ஒரு ஜோடி மாற்றும் உங்களுக்கு அது தேவையில்லை.

கழற்றும் இரண்டில் ஒன்றை ஸ்டெப்னியாகப் போட்டுத் தருகிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியின் நான்கு இலக்க எண்ணையும் அன்றே பார்த்துவிடுங்கள். ஆறு வருடம் தாண்டியிருந்தால், அடுத்த வருடம் முன்பக்கத்திலிருந்து கழற்றும் ஜோடியில் நல்லதாக இருப்பதை அந்த இடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அதுவரை பஞ்சர் ஆனால் இந்தப் பழைய ஸ்டெப்னியைப் போட்டுப் பக்கத்துக் கடை வரை மெதுவாகப் போக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.